கண்ணுக்கு ஒரு நேரம், காதுக்கு ஒரு நேரம்

சென்ற ஆடி மாதத்தில் நம்முடைய கையாலேயே ஓர் அநியாயம் நடந்துவிட்டது. அதை மறைத்து வைத்துக்கொண்டு, இந்தப் பகுதியில் வாராவாரம் வேறு விஷயங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை. ஆகையால் இந்த வாரம் நேயர்களிடம் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தோம். சொன்னால் மனப் பாரம் குறையும் என்பது ஒரு காரணம். அந்த அநியாயத்தின் வேரில் இருக்கும் விஷயம், வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டிருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ளத் தக்கது என்பது மற்றொரு காரணம்.

வியாசர்பாடியில் நாம் பௌதிகம் கற்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு மைதானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறது. பேசின் பிரிட்ஜுக்கும் பெரம்பூருக்கும் இடையே ஓயாமல் ஓடும் ரயில் வண்டிகளின் ஓசை அங்கே நன்றாகக் கேட்கும். அன்று பெண்களுக்கான 100 மீட்டர் ஓட்டம். ஓட வந்தவர்கள் எட்டுப் பேர். மைதானத்தின் அகலமோ நான்கு பேருக்குத்தான் இடம் கொடுக்கும். ஆகவே நான்கு நான்கு பேராக இரண்டு தடவை ஓடவிட்டு, யார் குறைந்த நேரத்தில் ஓடினாளோ அவளைக் குறுவட்டப் போட்டிக்கு அனுப்புவதென்று ஏற்பாடு. இருந்தது ஒரே ஓர் இடம்.

முதல் ஓட்டத்துக்கு ஸ்டாப் வாட்ச் நம் கையில் இருந்தது. நூறு மீட்டருக்கு அப்பால் நின்ற டிரில் மாஸ்டர் விசிலை ஊதிக்கொண்டே சிவப்புக் கொடியைக் கீழே வீசினார். கொடி விழக் கண்டதும் பொத்தானை அழுத்தினோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி முதலாவதாக வந்தாள். 14.7 விநாடி.

அதற்குள் அலுவலக அறையிலிருந்து நமக்கு அழைப்பு வந்துவிட்டது. ஸ்டாப் வாட்சைத் தமிழாசிரியர் கையில் கொடுத்துவிட்டுச் சென்றோம். மாலை வெயில் அவர் கண்ணில் நேரே அடித்தது, கொடி தெரியவில்லை. விசில் காதில் விழுந்ததும் அவர் பொத்தானை அழுத்தினார். இரண்டாவது ஓட்டத்தில் முதலாவதாக வந்தவளுக்கு 14.6 விநாடி. அவள் பெயர் பட்டியலில் ஏறியது. பட்டியலும் அன்று மாலையே போய்விட்டது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒன்றும் சொல்லவில்லை. விநாடியில் பத்தில் ஒரு பங்குதானே என்று நாமும் அவளுக்குச் சமாதானம் சொன்னோம்.

இரண்டு நாள் கழித்து அதே வகுப்பில் ஒலியின் வேகத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். மின்னல் முன்னால் தெரிகிறது, இடி பின்னால் கேட்கிறது, ஏன் என்று நாம் வழக்கம்போலக் கேட்டபோது, அவளுடைய தோழி எழுந்து நின்றாள்.

"சார், அன்னிக்கு நீங்க கொடியைப் பார்த்து அமுக்கினீங்க. தமிழ் ஐயா விசிலைக் கேட்டு அமுக்கினாரு. அது ரெண்டும் ஒண்ணா சார்?"

நமக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. சென்னை வெயிலில், அதாவது 30 டிகிரி வெப்பத்தில், ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் செல்லும். அப்படியானால் 100 மீட்டரைக் கடக்க 0.29 விநாடி ஆகும். தமிழாசிரியரின் கடிகாரம் நம்முடையதைக் காட்டிலும் அவ்வளவு நேரம் தாமதமாகப் புறப்பட்டிருக்கிறது. நம்மைப்போல அவரும் கொடியைப் பார்த்திருந்தால் 14.6 என்பது ஏறக்குறைய 14.9 ஆகியிருக்கும். கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டு முடித்துத் திரும்பியபோது வகுப்பே நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஓட்டப் பந்தயங்களில் துப்பாக்கியின் சத்தத்தைக் கேட்டு நேரம் எடுக்கலாகாது, அதன் புகையையோ ஒளியையோ கண்டுதான் எடுக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. இந்த விதியின் காரணத்தை இருபது வருஷமாகக் கற்பித்து வருகிறோம். விதியை மட்டும் படித்ததில்லை!

* * *

கண்ணுக்கும் காதுக்கும் உள்ள இந்த வழக்கு நம்முடைய பட்டணத்துக்குப் புதிதல்ல. இருநூறு வருஷங்களுக்கு முன்பே இங்கே அது அளந்து தீர்க்கப்பட்டிருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாராய்ச்சிச் சாலையை அமைத்தார்கள். அங்கே கருவியைத் தாங்குவதற்காக நாட்டிய கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை இலாகாவின் வளாகத்தில் நிற்கிறது. அதில் பொறித்துள்ள மொழிகளில் தமிழும் ஒன்று. அந்தச் சாலையின் தலைவராக இருந்த ஜான் கோல்டிங்ஹாம் என்பவர் 1820, 1821 ஆண்டுகளில் ஒரு காரியம் செய்தார். ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வழக்கமாகப் பீரங்கி சுடுவார்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து பார்த்தால் பீரங்கியின் ஒளி முதலில் தெரியும். சற்றுப் பொறுத்து முழக்கம் கேட்கும். இரண்டுக்கும் நடுவே கடிகாரம் எத்தனை தடவை துடிக்கிறதென்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை.

தூரம் சரியாகத் தெரிந்திருந்தது. கோட்டைப் பீரங்கி 13,932 அடி. பரங்கிமலைப் பீரங்கி 29,547 அடி. கோட்டையின் முழக்கம் சுமார் பன்னிரண்டு விநாடியிலும், மலையின் முழக்கம் சுமார் இருபத்தாறு விநாடியிலும் வந்து சேரும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் ஒலியின் வேகம். வெப்பம், காற்றின் ஈரம், வீசும் திசை எல்லாவற்றையும் பக்கத்திலேயே குறித்து, மாதவாரியாகச் சராசரி கண்டார். குளிர் மாதங்களில் விநாடிக்குச் சுமார் 1,100 அடி. கோடையில் 1,160 அடி வரை. லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் இந்த முடிவுகள் 1823-இல் வந்தன. இன்றைய கணக்குப்படி சென்னையின் 30 டிகிரி வெப்பத்துக்கு 1,146 அடி. பீரங்கியும் கடிகாரமும் காதும் மட்டுமே கொண்டு, இவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டார் அந்த மனிதர்.

அவரிடம் இருந்த கடிகாரம் இன்று நம் பிள்ளைகள் கட்டும் மலிவான கைக்கடிகாரத்துக்கு ஈடாகாது. அப்படியிருந்தும் காரியம் நடந்தது எப்படி? அவர் கோட்டையில் ஒரு கடிகாரத்தையும் நுங்கம்பாக்கத்தில் ஒரு கடிகாரத்தையும் வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒளியும் முழக்கமும் ஒரே இடத்துக்கு, ஒரே கடிகாரத்துக்கு வந்தன. மலையிலிருந்து வரும் ஒளிக்கும் வழியில் நேரம் பிடிக்கத்தான் செய்யும்; ஆனால் அது விநாடியில் முப்பதாயிரத்தில் ஒரு பங்குதான். அதைத் தள்ளிவிடலாம். ஒலிக்கு ஆகும் தாமதத்தைத்தான் அவர் தேடினார். அவர் தேடிக் கண்டுபிடித்த அதே தாமதத்தை நாம் தெரியாமல் ஒரு பெண்ணின் தலையில் சுமத்திவிட்டோம்.

* * *

இதில் அடங்கியிருக்கும் நியாயத்தை வியாசர்பாடிப் பெரியவர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். பின்னி ஆலை 1996-இல் மூடப்படும் வரையில் அதன் சங்குதான் இந்தப் பக்கத்துக்குக் கடிகாரம். ஆலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த வீட்டில் சங்கொலி ஏறக்குறைய ஆறு விநாடி தாமதமாகத்தான் கேட்டிருக்கும். அந்த வீட்டுக் கடிகாரத்தைச் சங்குக்குத் திருத்தி வைத்தால் ஆறு விநாடி பிழை. ஆனால் காலைச் சங்கிலிருந்து மாலைச் சங்கு வரையில் எவ்வளவு நேரம் என்று அதே வீட்டில் உட்கார்ந்து அளந்தால் பிழையே இல்லை! காலையிலும் ஆறு விநாடி தாமதம். மாலையிலும் ஆறு விநாடி தாமதம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது இரண்டும் ஓடிப்போகும். காலைச் சங்கை ஆலை வாசலிலும் மாலைச் சங்கை வீட்டிலும் கேட்டவனுக்கே கணக்குத் தவறும்.

'இப்போது மணி என்ன?' என்பதற்கு உலகத்தோடு ஒத்துப்போகிற கடிகாரம் வேண்டும். 'எவ்வளவு நேரம் ஆயிற்று?' என்பதற்கு அது வேண்டியதில்லை. சீராக எண்ணும் ஒரு கடிகாரம் போதும். ஆரம்பமும் முடிவும் ஒரே வழியாக அதனிடம் வந்து சேர வேண்டும்.

* * *

பிள்ளைகளிடம் தவற்றை ஒப்புக்கொண்டோம். "இனி என்ன சார் பண்றது?" என்று கேட்டார்கள். அடுத்த வருஷத்துக்காவது ஒரு யந்திரம் செய்துவிடுவோம் என்றோம். ரிச்சித் தெருவில் சில நூறு ரூபாய்க்கு ஆர்டுயினோ என்னும் பலகை ஒன்று வாங்கினோம். அதில் இருப்பது ஏடிமெகா 328பி என்ற மைக்ரோகண்ட்ரோலர். துணி துவைக்கும் யந்திரத்திலும் மின்சார மீட்டரிலும் உட்கார்ந்து வேலை செய்கிற ஜாதியைச் சேர்ந்த சில்லு அது.

அதற்குள் ஒரு துடிப்பு விநாடிக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் தடவை அடிக்கிறது. அதை 64-ஆல் வகுத்து ஓர் எண்ணிக்கைப் பெட்டிக்கு அனுப்பலாம். அப்போது பெட்டி விநாடிக்கு 2,50,000 எண்ணும். ஆனால் பெட்டி சிறியது. 65,535 வரையில் எண்ணிவிட்டு மறுபடியும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஒரு சுற்றுக்கு 0.262 விநாடிதான். ஆகவே அரச மரத்தைப் பிரதட்சிணம் செய்கிறவர்கள் சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைப்பதுபோல, சுற்று முடியும்போதெல்லாம் ஒன்று கூட்டிக்கொள்ளும்படி கட்டளை எழுத வேண்டும். எண்ணிக்கை சுற்றிக்கொண்டு வந்துவிட்டால் கழித்தல் தவறாதா என்று ஒரு பையன் கேட்டான். காலை பதினொரு மணிக்குப் புறப்பட்டு இரண்டு மணிக்கு வந்தவனுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று திருப்பிக் கேட்டோம். "மூணு மணி நேரம் சார்" என்றான். இரண்டில் பதினொன்றைக் கழிக்கப் பன்னிரண்டைக் கடன் வாங்க யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. யந்திரமும் அப்படியே கடன் வாங்கிக் கழிக்கும்.

இந்தச் சில்லில் நம் மனத்தைக் கவர்ந்தது வேறொரு வசதி. 'ஓட்டம் முடிந்துவிட்டதா, முடிந்துவிட்டதா' என்று யந்திரத்தை ஓயாமல் எட்டிப் பார்க்கச் சொன்னால், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மற்ற வேலையையும் கவனிக்கிற இல்லத்தரசியின் கதைதான். எட்டிப் பார்க்காத கணத்தில் பொங்கிவிடும். அதற்குப் பதிலாக இதில் ஒரு தனி வாசல் உண்டு. அந்தக் கம்பியில் சமிக்ஞை வந்த கணமே, பெட்டியில் இருக்கும் எண்ணை அது தானாகவே பிரதி எடுத்து வைத்துவிடும். தபாலாபீஸில் கடிதத்தின்மேல் முத்திரை குத்துவதைப் போல என்று சொல்லலாம். கடிதத்தை எப்போது பிரித்துப் படித்தாலும் முத்திரையிலுள்ள தேதி மாறாதல்லவா?

ஓட்டம் தொடங்குவதும் முடிவதுமாகிய இரண்டு செய்திகளையும் இந்த ஒரே வாசலுக்கு வரும்படி செய்தோம். தொடக்கத்துக்கு, செப்புத் தகடு அடித்த இரண்டு மரக்கட்டைகள். அவற்றைத் தட்டினால் ஓடுகிறவர்களுக்குச் சத்தம் கேட்கும். அதே தட்டில் தகடுகள் தொட்டுக்கொண்டு, நூறு மீட்டர் நீளமுள்ள கம்பி வழியாகச் செய்தி போய்விடும். முடிவுக்கு, துணி காயப்போடும் கிளிப் ஒன்று. அதன் வாயின் இரு புறமும் தகடு ஒட்டி, நடுவே ஓர் அட்டைத் துண்டைச் செருகி, அட்டையை மார்பு உயரத்தில் கட்டிய நூலோடு இணைத்தார்கள். ஓடி வருகிறவள் நூலைத் தள்ளியதும் அட்டை உருவிக்கொள்ளும், கிளிப் மூடிக்கொள்ளும். இந்த யோசனை முழுவதும் அந்தத் தோழியினுடையது.

யந்திரம் வந்துவிட்டால் நியாயமும் வந்துவிடும் என்று நினைத்தோம். அது சுலபத்தில் வரவில்லை.

முதல் சங்கடம்: கட்டையை ஒரு தடவை தட்டினால் யந்திரம் பல தடவை தட்டியதாகச் சொல்லிற்று. உலோகங்கள் தொடும்போது, தரையில் விழுந்த பந்துபோலச் சில முறை துள்ளிவிட்டுத்தான் அடங்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது; விநாடியை இரண்டரை லட்சமாக வெட்டுகிற பெட்டிக்குத் தெரியும். முதல் தொடுகையை மட்டும் எழுதிக்கொள், பிறகு ஐந்து விநாடிக்கு எது வந்தாலும் கவனிக்காதே என்று கட்டளையை மாற்றினோம்.

இரண்டாவது சங்கடம் நம்மைத் திடுக்கிட வைத்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவியை ஒவ்வொரு தடவையும் தனியாக ஓடவிட்டுச் சோதித்தோம். 14.9, 15.0 என்று வந்துகொண்டிருந்த நேரம் திடீரென்று ஒரு தடவை 14.64 என்று வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவள் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டே, "இல்ல சார், நான் அவ்ளோ வேகமா ஓடலை" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. பெட்டி ஒரு சுற்றை முடித்துப் பூஜ்யத்துக்கு வந்த கணத்திலேயே அவள் நூலைத் தொட்டிருக்கிறாள். புளியங்கொட்டையை எடுத்து வைப்பதற்குள் முத்திரை விழுந்துவிட்டது. ஒரு சுற்று கணக்கில் வராமல் போய், 0.262 விநாடி மறைந்தது. விசிலைக் கேட்டுத் தமிழாசிரியர் இழந்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்! முத்திரையில் இருக்கும் எண் மிகச் சிறியதாக இருந்து, சுற்று முடிந்ததற்கான அறிகுறியும் கவனிக்கப்படாமல் நின்றால், அந்தச் சுற்றையும் சேர்த்துக்கொள் என்று ஒரு வரி எழுதியதும் குறை தீர்ந்தது. அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க இரண்டு சனிக்கிழமைகள் ஆயின.

மூன்றாவது, துடிப்பின் சீர். இந்தப் பலகையில் சில்லுக்குத் துடிப்புக் கொடுப்பது கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற ஸ்படிகம் அல்ல. பீங்கான் வகைத் துண்டு. ஒரு மணி நேரம் நல்ல கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் நான்கு விநாடி பின்தங்கியது. பதினைந்து விநாடி ஓட்டத்தில் இது நூற்றில் ஒன்றிரண்டு பங்கு விநாடிதான். நம் மைதானத்தில் ஓடும் எல்லோருக்கும் இந்தக் குறை சமம்; ஆகவே அவர்களுக்குள் அநியாயம் இல்லை. வேறொரு மைதானத்து நேரத்தோடு ஒப்பிடும்போதுதான் திருத்திச் சொல்ல வேண்டும்.

நூற்றில் ஒரு பங்கு விநாடிக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறோம். 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நம் பி. டி. உஷா 55.42 விநாடியில் வந்தார். அவருக்கு முன்னால் வந்த ருமேனியப் பெண்ணுக்கு 55.41. வெண்கலப் பதக்கம் அந்த நூற்றில் ஒன்றில் போயிற்று. நாடெல்லாம் வருந்தியது; ஆனால் முடிவு சரியா என்று யாரும் சண்டை போடவில்லை. தோற்றவருக்கும் ஒரு நிச்சயம் இருந்தது. கைக் கடிகாரத்தால் அந்த நிச்சயத்தைக் கொடுக்க முடியாது. கையால் எடுத்த நூறு மீட்டர் நேரத்தைத் தானியங்கி நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டிக்கொள்வது வழக்கம். 1977 முதல் குறுகிய ஓட்டங்களின் உலக சாதனைகளுக்குத் தானியங்கி நேரமே ஏற்கப்படுகிறது.

* * *

யந்திரம் சரியானபின் இரண்டு பெண்களையும் கூப்பிட்டு ஓடச் சொன்னோம். ஒருத்திக்கு 14.91, குறுவட்டப் போட்டிக்குப் போய் வந்தவளுக்கு 15.02. எண்களைப் பார்த்ததும் இரண்டாமவள் முகம் வாடிவிட்டது. அவள்மீது ஒரு குற்றமும் இல்லை. அன்று தன்னால் இயன்ற அளவு ஓடினாள். கொடுத்த இடத்தை ஏற்றுக்கொண்டாள். ஒருத்தியிடமிருந்து ஓர் இடத்தைப் பறித்தோம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தோம். மற்றவளிடமிருந்து அவள் அடைந்த வெற்றியின் சந்தோஷத்தையும் பறித்துவிட்டோம் என்பது அப்போதுதான் விளங்கிற்று. இந்த எண்களும் இன்றைய ஓட்டத்துக்குத்தான், அன்றைய ஓட்டத்தை எந்த யந்திரமும் திரும்ப அளந்து சொல்லாது என்று இருவருக்கும் சொன்னோம்.

ஐப்பசி மழை வருகிறது. வீட்டு மாடியிலிருந்து நேயர்கள் குழந்தைகளோடு ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மின்னல் கண்டதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்துங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. முப்பது விநாடிக்குள் கேட்டால் சோதனையை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். மின்னலை அண்ணன் தன் கடிகாரத்திலும் இடியைத் தம்பி தன் கடிகாரத்திலும் குறிக்க வேண்டாம். எண்ணுகிறவர் ஒருவராகவே இருக்கட்டும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி இப்போது தினமும் மாலையில் ஓடிப் பழகுகிறாள். கம்பியும் கட்டையும் எடுத்து வைக்க நேரமில்லாத நாட்களில் பழைய ஸ்டாப் வாட்சில்தான் நேரம் எடுக்கிறோம். கோட்டில் போய் நின்றதும் அவள் அங்கிருந்தே கை தூக்கி, "கொடியைப் பார்த்துத்தானே சார்?" என்று உரக்கக் கேட்கிறாள். நாம் ஆமென்று தலையசைத்த பிறகுதான் குனிகிறாள்.